மூன்றாவது பஸ்

அப்பாவின் ஜவுளி மூட்டை மூன்று பஸ் மாறித்தான் மலைக்குப் போகும். ஆலங்குளத்தில் விடியுமுன் ஏறினால் அம்பாசமுத்திரம். அங்கே இறக்கிப் பாபநாசம் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பாபநாசத்தில் மறுபடி இறக்கிக் காரையாறு பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். முதல் இரண்டு பஸ்ஸிலும் மூட்டைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டரோடு ஒரு மல்லுக்கட்டு நடக்கும். மூன்றாவது பஸ்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. அரிசிச் சாக்கு, மண்ணெண்ணெய் டின், காலைக் கட்டிப் போட்ட கோழி, மின்வாரியக் குடியிருப்புக்குப் போகும் காய்கறிக் கூடை என்று எல்லாம் ஏறும். எங்கள் மூட்டையும் அதில் ஒன்று.

1979 முழுப்பரீட்சை லீவில்தான் அப்பா என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினோரு வயசு. எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். சாரல் காலத்தில் மேகம் அதன்மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்குக் காற்று மட்டும் வரும். அந்த மலையில் குற்றாலம் இருக்கிறது, பாபநாசம் இருக்கிறது, சாமி இருக்கிறது என்று தெரியும். ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பாவாடைத் துணியும் கைலியும் வேண்டும், அதைத் தவணைக்குக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் பாதி அடுப்பு எரிகிறது என்பது தெரியாது. மீதிப் பாதி அம்மா சுற்றும் பீடியில் எரிந்தது.

காரையாறில் இறங்கி அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொள்வார். அளவுக் கம்பியும் கத்திரியும் இருக்கிற பை என் கையில். மரநிழலில் கொஞ்ச தூரம் நடந்தால் சின்னமயிலாறு. அதைத் தாண்டினால் பெரியமயிலாறு. வேறு பக்கம் போனால் சேர்வலாறு. கீழே பாபநாசத்துக்குப் பக்கத்தில் அகஸ்தியர் காணிக்குடியிருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அணைத்தண்ணீருக்கு அந்தப்புறம் இஞ்சிக்குழி. இவைதான் அப்பாவின் லைன். பற்று நோட்டில் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார்.

காணிக்காரர்கள் என்று நாங்கள் சொல்வோம். காணி என்றால் நிலம், உரிமையுள்ள நிலம். ஒரு ஜனத்துக்கே அந்தப் பேர். பொதிகை மலையின் மூன்று பக்கமும் இருக்கிறார்கள்: கிழக்கே எங்கள் பக்கம், தெற்கே பேச்சிப்பாறைப் பக்கம், மேற்கே திருவனந்தபுரம் மாவட்டத்துக் காடுகளில். முன்பு காட்டை வெட்டிச் சுட்டு ஓரிரு வருஷம் பயிர் செய்துவிட்டு இடம் மாறிப் போகிறவர்கள். நான் பார்த்தபோது ஓரிடத்தில் நிலைத்து மரச்சீனியும் வாழையும் நல்லமிளகும் போட்டிருந்தார்கள். தலைவருக்கு மூட்டுக்காணி என்று பேர். மருந்தும் மந்திரமும் பார்க்கிறவர் பிலாத்தி. அவர்களுக்குள் பேசிக்கொள்வதில் மலையாளம் பாதி இருக்கும். எங்களைப் பார்த்ததும் அது அப்படியே எங்கள் பேச்சாகத் திரும்பிவிடும். ஆலங்குளத்துக்காரனான எனக்கு ஒரு பாஷையே திடமாக இல்லாத வயசு அது. வாசலில் நின்று ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் பாஷை மாறும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டில் ஓர் அம்மா முறத்தோடு வெளியே வந்தாள். "வாங்க அண்ணாச்சி. பையனா?"

"ஆமா தங்கச்சி." அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏல, அத்தைக்கு வணக்கம் சொல்லு."

அன்றைக்கு வாய்த்த அத்தைதான். அவள் மகனுக்கும் என் வயசு. அதனால் அவன் அத்தை மகன். இந்தக் கட்டுரையிலும் அவனுக்கு அதுதான் பேர்.

ஈத்தையைப் பிளந்து தட்டியாகப் பின்னிக் கட்டிய வீடு. உள்ளே அடுப்புப் புகை கூரையில் போய்ப் படிந்து, மேலே செருகியிருந்த விதைக்கட்டுகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தது. பூச்சி அண்டாமல் இருக்க அங்கேதான் வைக்க வேண்டுமாம். அத்தை மரச்சீனிக் கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்துத் தோலில் ஒரு கீறல் போட்டாள். பெருவிரலை உள்ளே விட்டுச் சுற்றினாள். பழுப்புத் தோலும் அதற்கடியில் ரோஸ் நிறத்தில் இருந்த உள்தோலும் ஒரே சுருளாகக் கழன்று வந்தன. வெள்ளைக் கிழங்கைத் துண்டு போட்டுப் பானையில் நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்தாள். கொதித்ததும் அந்தத் தண்ணீரை முழுதும் வடித்துக் கொட்டினாள். "இது உள்ள போகப்படாது" என்றாள் என்னிடம். அதற்குள் அத்தை மகன் கொல்லையிலிருந்து கைநிறையக் காந்தாரி மிளகாய் பறித்து வந்தான். நகத்தளவுதான் ஒவ்வொன்றும். உப்பு வைத்துக் கல்லில் நசுக்கி, கிழங்கின் மேல் தொட்டு என் வாய்க்குள் வைத்தான். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவான் என்று பார்த்தேன். கட்டஞ்சாயாவைக் கொடுத்தான். சூட்டோடு சூடு போய் எரிவு அடங்கிற்று. அந்த வைத்தியம் இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது.

ராத்திரி அங்கேயே தங்கினோம். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல். பிலாத்தி வந்தார். விளக்கைச் சின்னதாக்கி உட்கார்ந்து மடியில் ஓர் இரும்புக் குழலை வைத்துக்கொண்டார். குழலின் வாய்ப்பக்கம் நெடுக ரம்பப் பல் மாதிரி வெட்டியிருந்தது. அதன்மேல் ஒரு கம்பியை வைத்து மேலும் கீழும் இழுத்தார். அதுதான் கொக்கரை. முதலில் காதுக்கு ஒவ்வவில்லை. இரும்பில் இரும்பு உரசினால் பல் கூசுமே, அப்படி. அப்புறம் அவர் பாட ஆரம்பித்தார். சாற்றுப்பாட்டு என்று அப்பா என் காதில் சொன்னார். அந்தக் குரல் அந்த உரசலுக்குள் புகுந்ததும் இரண்டும் ஒன்றாகிப்போயின. வார்த்தை எனக்கு விளங்கவில்லை. அரைகுறையாகப் பிடித்ததையும் தூக்கம் தின்றுவிட்டது. விடியற்காலையில் விழித்தபோதும் பாட்டு நடந்துகொண்டிருந்தது. குழந்தையின் அம்மா பிள்ளையை மடியில் போட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பாட்டும் வேண்டும், ஊசியும் வேண்டும். அதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இஞ்சிக்குழிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். காரையாறு அணை 143 அடி. 1940-களில் வெள்ளைக்காரர் காலத்தில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாகக் கட்டியது. நாங்கள் ஆலங்குளத்தில் ரேடியோவில் மழைக்காலத்தில் கேட்பதெல்லாம் அந்த அணையின் நீர்மட்டம்தான். தாமிரபரணிப் பாசனத்தில் நடவு செய்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் அந்த எண் மனப்பாடம். அணை நிரம்பினால் கீழே கொண்டாட்டம். மேலே இஞ்சிக்குழிக்காரருக்கு அந்தத் தண்ணீர்தான் வழியை மறித்துக் கிடந்தது. படகு கிடைத்தால் படகு. இல்லாவிட்டால் மூங்கிலைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அக்கரை சேர்ந்த பிறகு காட்டுக்குள் மேட்டு நடை. அப்பா துணி மூட்டையைப் பாலிதீன் தாளில் சுற்றி அதற்குமேல் கோணி போட்டுத் தைத்துவிடுவார். தெப்பத்தில் குந்தியிருந்தபோது என் காலுக்குக் கீழே மூங்கில் இடுக்கில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கிற்று. அப்பா என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. துடுப்புப் போட்ட பெரியவர் ஒரு கையால் பீடி பற்ற வைத்தார். அது ஆலங்குளத்துப் பீடியா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எங்கள் வீட்டிலேயே சுற்றியதாகக்கூட இருக்கலாம்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் பக்கத்து ஜனம் வேன் வேனாகக் காரையாறுக்குப் போகும். சொரிமுத்து அய்யனார் கோயில். ஆற்றங்கரையில் குடில் போட்டு நாலைந்து நாள் தங்கி, பொங்கி, கிடா வெட்டி, பட்டவராயன் சன்னிதியில் தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு வருவார்கள். நாங்களும் போவோம். அந்தக் கூட்டத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அத்தை வீடு. எங்கள் சொந்தபந்தம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. யானை வருமா என்று கேட்பார்கள், சிறுத்தை இருக்கா என்று கேட்பார்கள். அங்கே மனுஷர் இருக்கிறார்களா என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அது உறுத்தும். ஆனால் நானும் எழுந்து சொன்னதில்லை. என் அத்தை வீடு அங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அத்தை மகன் சமவெளிக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தான். 1983-ல் ஒரு தீபாவளிக்கு அப்பா அவனை நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மா சொளவில் பீடி இலையைப் பரப்பிக்கொண்டிருந்தவள் எழுந்து "வாப்பா" என்றாள். ஆச்சி திண்ணையிலிருந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் காப்பி வந்தது. எங்கள் எல்லார் கையிலும் எவர்சில்வர் டம்ளர். அவனுக்குக் கொல்லைப்புறத்தில் கிடந்த அலுமினிய டம்ளர், விளிம்பு நசுங்கியது. அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான். குடித்துவிட்டுத் தானே கிணற்றடிக்குப் போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எங்கே கவிழ்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சியிடம் அவர் சண்டை போடவில்லை. சாயங்காலம் காப்பி வந்தபோது தன் டம்ளரை அம்மாவிடம் நீட்டி, "அதுல ஊத்து" என்று கிணற்றடியைக் காட்டினார். அன்றையிலிருந்து அவர் குடித்ததெல்லாம் அந்த அலுமினிய டம்ளரில்தான். அதற்குப் பிறகு ஆச்சி ரெண்டு வருஷம் இருந்தாள். அவளுக்கு முன்னாலும் குடித்தார், அவள் போன பிறகும் குடித்தார்.

1986-ல் நாங்கள் இருவரும் பிளஸ் டூ முடித்தோம். அவனுக்கு ஆசிரியர் பயிற்சியில் சேர ஆசை. சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பாவும் நானும் அவனோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். அங்கிருந்தவர் கெட்டவரும் இல்லை. ஒரு புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் இருந்தார்கள். அடைப்புக்குறிக்குள் கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை தாலுகாவும் மட்டும் போட்டிருந்தது. "நீ அம்பாசமுத்திரம் தாலுகா தம்பி. உனக்கு இதுல குடுக்க வழியில்ல."

அந்த இரண்டு இடம் மட்டும் ஏன் என்று எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. வரும்போது அங்கிருந்த காணிகள் காணிகளாகவே வந்து சேர்ந்தார்கள். பழைய சென்னை ராஜ்யத்துக்குள்ளேயே இருந்த எங்கள் பாபநாசம் மலைக் காணிகள் அந்தக் கணக்கில் வரவில்லை. மலை ஒன்று, இல்லம் ஒன்று, கொக்கரை ஒன்று. அத்தைக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் அண்ணன் இருந்தார். அவர் மகளுக்குச் சான்றிதழ் இருந்தது. அவளுக்கு முறைமாப்பிள்ளையான இவனுக்கு இல்லை.

அலுவலகத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று அவன் கேட்டான்: "மச்சான், நான் செங்கோட்டைக்குக் குடிபோனா காணியாயிருவேனா?"

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஊர் திரும்பும் வரை பேசவில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டாள். "அது என்ன சீட்டு? யார் குடுக்கிறது? மேல யார்ட்டயாவது கேக்க முடியாதா?" அவளுக்கு அது கடைசி வரைக்கும் 'சீட்டு'தான். நாங்கள் மலைக்குப் போய்வரும்போதெல்லாம் நல்லமிளகு வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் "அவனுக்கு அந்தச் சீட்டு கெடைச்சிட்டா?" என்றுதான் கேட்பாள்.

அவன் படிப்பை விட்டுவிட்டு மரச்சீனிக் காட்டில் பன்றிக் காவலுக்குப் பரண் கட்டி உட்கார்ந்தான். அடுத்த வருஷம், 1987 டிசம்பரில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சம்பவம் நடந்தது. புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் அகஸ்தியர் மலையில் ஆய்வுக்கு ஏறினார்கள். வழிகாட்டிகளாகக் கூடப்போன காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்களாம். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி 1995-ல் ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமத்தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி 1997-ல் கேரளக் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னுதாரணம் என்று உலகமெங்கும் இதைப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். நான் இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு அத்தை மகனிடம் சொன்னபோது அவன் செடியைப் பற்றிக் கேட்கவில்லை. "அவங்களுக்கு எந்தத் தாலுகா?" என்று கேட்டான்.

1988-ல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. அதற்குப் பிறகு அப்பாவின் வியாபாரம் சுருங்கிற்று. போக வர எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நேரத்துக்குத் திரும்ப வேண்டும். காட்டுக்கு அது நல்லதுதான். எங்கள் ஆற்றுக்கு அந்தக் காடுதான் தாய்மடி. காட்டுக்குள்ளேயே குடியிருக்கிறவர்களுக்குக் கெடுபிடி அன்றாடம் கூடிக்கொண்டே போனதையும் அப்பா பார்த்தார். எதை வெட்டலாம், எதைப் பொறுக்கலாம், எங்கே போகலாம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறிற்று. பற்று நோட்டில் தவணை இழுபட்டது. அப்பா நெருக்கவில்லை.

1992 நவம்பர் 13. தாமிரபரணியில் வெள்ளம் வந்த அந்த நாளை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அப்பா புறப்பட்டார். துணி எடுக்கவில்லை. அரிசியும் தீப்பெட்டியும் பழைய போர்வைகளும். மூன்றாவது பஸ் அப்போது ஓடவில்லை. கிடைத்த லாரியில் கொஞ்சம், நடை மீதி. திரும்பி வந்தபோது காலெல்லாம் அட்டைக்கடி. அதுதான் அவர் கடைசியாக மலைக்குப் போனது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அத்தை மகன் சேதி கேட்டுக் காரியத்துக்கு வந்தான். எப்படிச் சேதி போயிற்று என்று தெரியவில்லை. பஸ்காரர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு முடிந்து புறப்பட்டபோது அம்மா உள்ளே போய் அந்த அலுமினிய டம்ளரைப் புளி போட்டு விளக்கி எடுத்து வந்தாள். "இது ஒங்க மாமா குடிச்சது. நீ வச்சுக்கோ" என்றாள். அவன் அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போனான்.

நான் தபால் துறையில் வேலை கிடைத்து வெளியூருக்குப் போய்விட்டேன். அந்தப் பட்டியலின் அடைப்புக்குறிக்குள் அம்பாசமுத்திரம் தாலுகாவும் சேர்ந்தது 2000-த்துக்குப் பிறகுதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தபோது விளங்கிற்று. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் உரிமை கேட்கலாம். பட்டியலில் இல்லாத காட்டுவாசி என்றால் மூன்று தலைமுறை, 75 வருஷம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இரண்டு எழுத்து எழுதிய நோட்டுப் புத்தகம்கூட இல்லாத வீட்டில் 75 வருஷத்தை எதைக் கொண்டு காட்டுவது? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆலங்குளமும் செங்கோட்டையும் தென்காசியோடு வந்துவிட்டன. அம்பாசமுத்திரமும் பாபநாசமும் திருநெல்வேலியோடு நின்றுவிட்டன. அப்பாவின் லைனுக்கு நடுவில் இன்னொரு கோடு.

அத்தை மகனின் மூத்த மகள் 2009-ல் பிளஸ் டூ எழுதினாள். அந்தக் கோடை லீவுக்கு நான் போயிருந்தேன். அதே மூன்று பஸ். வீடு ஓட்டு வீடாக மாறியிருந்தது. அத்தை இல்லை. காந்தாரிச் செடி அதே இடத்தில், வேறு செடி. பெண் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே சான்றிதழ். பேர், தகப்பன் பேர், ஊர், தாலுகா. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வைத்துப் படித்தேன். அம்பாசமுத்திரம் என்ற இடத்தில் விரல் நின்றது. "நர்சிங் போறேன் மாமா" என்றாள். அத்தை மகன் முற்றத்தில் நல்லமிளகைக் காலால் மிதித்துக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. கால் மட்டும் நின்று, மறுபடி மிதித்தது.

கிளம்பும்போது ஒரு சாக்கு மரச்சீனியும் ரெண்டு கிலோ பச்சை மிளகும் ஏற்றிவிட்டான். பாபநாசத்தில் இறக்கி, அம்பாசமுத்திரத்தில் இறக்கி, ராத்திரி ஆலங்குளம் வந்து சேர்ந்தேன். அம்மா விளக்கடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. விரல் தானாகச் சுற்றும்.

"அவன் பிள்ளைக்காவது அந்தச் சீட்டு கெடைச்சிட்டாப்பா?"

"கெடைச்சிட்டும்மா. கையில வாங்கிப் பார்த்தேன்."

அவள் கையில் இருந்த பீடியை முடித்து நூல் கட்டிக் கீழே வைத்தாள். சொளவில் மிச்சம் இருந்த இலையையும் தூளையும் ஒரு தாளில் தட்டினாள். சொளவை முந்தானையால் நன்றாகத் துடைத்தாள். "மிளகைக் கொண்டா" என்றாள். வெயில் வர இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. அவள் அப்போதே பச்சை மிளகைச் சொளவில் கொட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விரலால் பரப்ப ஆரம்பித்தாள்.